விடுபட்ட பன்னிரண்டு வரிகள்

லத்தீன் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்த ஆளும் இல்லை. மூன்று வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர் நான். அன்று நிரந்தர வேலைக்கு நேர்காணல்.

தேர்வுக் குழுத் தலைவர் எங்கள் துறையின் பெரிய தலை. ஒரு லத்தீன் காதல் கவிதையை எண்பது வருடத்துக்கு முன் நம் மொழிக்குக் கொண்டுவந்த கவிஞரைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர். மூலத்தில் படுக்கையறை வரும் பன்னிரண்டு வரிகள் அந்த மொழிபெயர்ப்பில் கிடையாது. அது கவிஞர் வேண்டுமென்றே காத்த மௌனம் என்று தலைவர் தன் புத்தகத்தில் நாற்பது பக்கம் உருகியிருந்தார்.

மௌனமாவது மண்ணாங்கட்டியாவது. கவிஞர் கையில் இருந்தது பள்ளிக்கூடப் பதிப்பு. பிள்ளைகள் கெட்டுவிடும் என்று அந்த வரிகளை வெட்டி, வெட்டியது தெரியாமல் வரி எண்களையும் மாற்றிப் போட்ட பதிப்பு. கவிஞரின் கைப்பிரதியை நானே பார்த்திருக்கிறேன்; ஓரத்தில் அதே மாற்றிய எண்கள். முழுப் பதிப்பிலேயே வளர்ந்த தலைவருக்கு இது எப்படி உறைக்கும்? பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அந்தப் பள்ளிப் பதிப்பில்தான் நான் லத்தீன் கற்றேன். முதுகலை வரும்வரை அப்படிப் பன்னிரண்டு வரி இருப்பதே எனக்கும் தெரியாது.

"அந்த மௌனத்தப் பத்தி நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" தலைவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

உண்மை தொண்டை வரை வந்தது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கக் கிளம்பும்போது அம்மா காலையில் சொன்னதும் கூடவே வந்தது: "அங்க போயி உங்கப்பா மாதிரி ஞாயம் பேசாதடி. பேசிப் பேசியே எத்தன வேலைய விட்டாரு."

"ரொம்ப ஆழமான மௌனம், சார்."

"பாத்தீங்களா?" என்று பக்கத்து நாற்காலியிடம் பூரித்தார். "சின்னப் பொண்ணு, பிடிச்சிட்டா."

வேலை கிடைத்தது. போனில் அம்மா கத்தினாள். "நிஜமாவா! என்னடி கேட்டாங்க?"

"ஒரு ஆளு ஏன் பேசாம இருந்தான்னு கேட்டாங்கம்மா."

"அட, இதுக்கா இத்தன வருஷம் படிச்ச?"

முதல் வாரமே தலைவர் தன் புத்தகத்தின் மறுபதிப்பு புரூஃபை என் மேசையில் வைத்தார். "வெளியாள நம்ப முடியாதும்மா. நீயே பாத்துடு."

பார்த்தேன். மௌன அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையில் போட்டேன். மற்றபடி பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.