கோளரி விழுந்த வாரம்

வங்காளதேசச் சண்டை நடந்த வருஷம், கார்த்திகைக் கடைசி. கேளுங்கள் கண்ணுகளா, பிள்ளையார்பாளையத்தில் துரைக்கண்ணு வீட்டுத் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் புடவையின் உடலை நெய்வார். மருமகள் லோகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாக்கட்டையைத் தள்ளிக் கொடுப்பாள். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் மட்டும் இரண்டு பேர் கையும் நின்றுவிடும். தந்திக்காரனோ என்ற பயம். பட்டாளத்திலிருந்த மகன் வீரபாகு எல்லைக்குப் போனதோடு சரி, ஒரு சேதியும் இல்லை.

அவன் ஊரிலிருந்தபோது கோளரி கதையைத் தறிப்பக்கம் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். வாளும் குதிரையும் கப்பலுமாகப் போகிற பழைய தொடர்கதை. செத்தான் என்று எல்லாரும் அழுது முடித்த பிறகு, கோளரி கோட்டை வாசலில் வந்து நிற்பான். ரயிலேறும்போது வீரபாகு பெண்டாட்டியிடம் சொன்னான்: "கோளரியே திரும்பி வந்துட்டான். நான் வரமாட்டனா?"

அந்தப் பேச்சைத்தான் லோகாம்பாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது வாரப் பத்திரிகையில் கோளரியின் இரண்டாம் பாகம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டுக் காந்தா வந்து படிப்பாள். கோளரி பிழைத்த வாரமெல்லாம் லோகாம்பாளுக்குச் சோறு இறங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை, கடையிலிருந்து வரும் வழியிலேயே காந்தா பத்திரிகையைப் பிரித்துவிட்டாள். மார்பில் ஈட்டியோடு கோளரி மல்லாந்து கிடக்கிற படம். 'மூச்சு அடங்கியது' என்று முடிந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கத்தை உள்பக்கமாக மடித்துவிட்டாள்.

"இன்னாம்மா, இன்னிக்கு உன் ராஜா குதிரை ஏறலையா?" என்றார் துரைக்கண்ணு.

"ஏறிட்டான் மாமா." காந்தா கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டுப் படித்து முடித்தாள்.

"படம் காட்டுக்கா."

"இந்த வாரம் படம் போடல லோகா."

"உன் குரல் ஏன் நடுங்கிக்கினு இருக்குது?" லோகாம்பாள் எழுந்து வந்து பத்திரிகையைப் பிடுங்கினாள். பிரித்துப் பார்த்தாள். நாடா அவள் கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது.

"கதைம்மா... எவனோ காசுக்கு எழுதறது," என்றார் துரைக்கண்ணு.

"அவரு சொல்லிட்டுப் போனாரே மாமா."

அந்நேரம் பார்த்துத் தெருக்கோடியில் சைக்கிள் மணி. மணி நெருங்கியது, வாசலில் ஒருமுறை அடித்தது, தாண்டிப் போயிற்று. பால்காரன்.

அடுப்படியிலிருந்து மாமியார் பெரியநாயகி வந்தாள். கையில் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர், ஒரு கொத்து வேப்பிலை. "எதுக்குடி ஒப்பாரி? நம்ம துரோபதையம்மன் கோயில் படுகளத் திருவிழாவுல புள்ளைங்க செத்துக் கெடக்கல? வெள்ளைத்துணி மூடி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, கோவிந்தா போட்டா எழுந்துக்கல?"

"அது பாரதம்டி. இது பத்திரிகை," என்றார் துரைக்கண்ணு.

"வாய மூடிக்கினு துண்டக் குடுய்யா."

தறியோரம் பத்திரிகையை விரித்து அவர் துண்டால் மூடினார்கள். பெரியநாயகி வேப்பிலையால் தெளித்தாள். "கோவிந்தா!" என்றாள். பெண்கள் இருவரும் சொன்னார்கள். பிறகு எல்லாரையும்விடப் பெரிதாகத் துரைக்கண்ணு குரல் எழும்பியது: "கோவிந்தா! கோவிந்தா!"

நனைந்த காகிதம் துண்டுக்கடியில் மெல்ல உப்பி எழும்பியது. மூச்சு இழுத்த மாதிரி. காந்தா வீலென்று கத்தினாள். லோகாம்பாள் மட்டும் நகரவில்லை. உப்பிய இடத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

அடுத்த வெள்ளியும் பத்திரிகை வந்தது. காந்தா பிரிக்கப் போனாள்.

"வேணாங்க்கா," என்று அவள் கையைப் பிடித்தாள் லோகாம்பாள். "நாம எழுப்பி வச்சத அந்த எழுதறவன் மறுபடி சாகடிச்சான்னா?"

சண்டை நின்றது. சேதி வரவில்லை. வாராவாரம் வாங்கினார்கள், யாரும் திறக்கவில்லை. விளக்கு மாடத்தில் பத்திரிகைகள் ஏறிக்கொண்டே போயின. அந்த மாடத்தைப் பார்க்கவே வீட்டாருக்குப் பயமாக இருந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம் வாசலில் நிழல் தட்டிற்று. கட்டுப்போட்ட காலும் ஊன்றுகட்டையுமாக வீரபாகு. பயந்துவிடாதீர்கள், அவனேதான். யாரென்று யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான்.

அழுது ஓய்ந்து இலை போட்டார்கள். அவன் கண் மாடத்துக்குப் போயிற்று. "அட, ரெண்டாம் பாகமா? கோளரி இன்னா ஆனான்?" என்று கையை நீட்டினான்.

லோகாம்பாள் ஓடிப்போய் மாடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ மொதல்ல சாப்புடு."