யாவேயின் தங்கை மகள்

மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் கதவை உள்ளே பூட்டிவிட்டார். சாவியைப் பூட்டிலேயே விட்டிருக்கிறார் போல. என் சாவி நுழைய மறுத்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போயிருந்தேன். தீய்ந்த வாடை மாடிப்படி வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கதவைத் திறங்க!"

"யாரு?" என்றார், கதவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றபடியே.

"நான்தாங்க. அந்தச் சாவியைத் திருப்புங்க."

"சாவின்னா?"

முன்பு ஒரு நாள் கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தார், போன வாரம் தெரு மாறிப் போனார். வயசாகுதில்ல என்று நானே சிரித்து மழுப்பியிருந்தேன். ஆனால் சாவி தெரியவில்லை என்றால்? அதுவும் இந்த மனிதருக்கு! தான் எழுதும் ஸ்பானிஷ் அகராதிக்காக ஒரு மாதமாக அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதவர். ஸ்பானிஷ்காரனுக்குச் சாவி 'யாவே'. போர்ச்சுகீசியனுக்குச் 'சாவே'. இரண்டும் லத்தீன் தாய்க்குப் பிறந்த அக்கா தங்கை. தங்கை கப்பலேறி வந்து பெற்றதுதான் நம் சாவி. "அப்ப யாவே நம்ம சாவிக்குப் பெரியம்மா" என்று சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். "அந்தப் பெரியம்மாவைப் பாத்திரம் கழுவ வரச் சொல்லுங்க" என்பேன் நான்.

கதவிடுக்கில் புகை கசிந்தது. தட்டினேன், உதைத்தேன். உள்ளே அவர் இருமினார். இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிவிட்டது.

"யாவே!" என்று அலறினேன். "யாவேயைத் திருப்புங்க!"

"ஆங், யாவே!" குரலில் அப்படி ஒரு தெம்பு. "மூலம் லத்தீன், கிளாவிஸ். இத்தாலியில கியாவே. பிரெஞ்சில..." சொல்லிக்கொண்டே திருப்பினார். பூட்டு திறந்தது.

விழுந்தடித்து ஓடி அடுப்பை அணைத்தேன், சன்னல்களைத் திறந்துவிட்டேன். பாத்திரம் கரியாகியிருந்தது. போகட்டும், மனிதர் முழுசாக இருக்கிறார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்க்கலாம் என்று கூடத்துக்கு வந்தேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க," என்றார், மிகவும் மரியாதையாக. "வீட்டுல அவ இல்லையே. மருந்து வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

கையிலிருந்த மருந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.