வாளியை வெட்டின போட்டோ

நான் நெட்டை பேசறேன். அம்மா, அக்கா, மாமா, எல்லாருக்கும்தான் சொல்றேன். கார் கழுவுற ஷெட்டுக்குப் பின்னாடி, தண்ணி டேங்க் பக்கத்துல நிக்கிறேன். கை பூரா சோப்பு, அதான் வாயால சொல்லி ஃபோனையே எழுத வைக்கிறேன். தப்பும் தவறுமா வந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

நேத்து காலைல பாப்பா ஹாஸ்டல்ல இருந்து, அண்ணான்னு அழுதுட்டே கூப்பிட்டா. லேப்டாப் வாங்க ஸ்கூல்ல தர்ற உதவி அவளுக்குக் கிடையாதாம். மொதல்ல அவ பேர் இருந்துச்சு, இப்ப எடுத்துட்டாங்க. ஏன்னு தெரியுமா? நான் கார் வச்சிருக்கேனாம்!

வச்சிருக்கேன்தான். காலைல இருந்து பொழுது சாயுற வரைக்கும் வரிசையா வச்சிருக்கேன். கழுவி முடிச்சதும் அவனவன் ஓட்டிட்டுப் போயிடறான்.

எனக்கு ஆத்திரம் தாங்கல. பட்டியல் போடற ஹாஸ்டல் வார்டனுக்கே ஃபோன் போட்டேன்.

"உங்க அம்மாவே போட்டோ காட்டினாங்க தம்பி. அந்தக் காரை வித்தா ஹாஸ்டலுக்கே லேப்டாப் வாங்கலாமே."

"வித்தா என்னை உள்ள தூக்கி வச்சிருவாங்க மேடம். அது எவரோ ஒருத்தர் கார்."

"அப்புறம் ஏன் அது மேல கைய வச்சிட்டு நிக்கிறீங்க?"

"தொடைச்சிட்டு இருந்தேன்."

"துணியக் காணோமே?"

"வாளில கெடந்துச்சு மேடம்."

"வாளியும் இல்லையே தம்பி."

அப்பதான் எனக்கு உறைச்சுது. மாமா, நீங்கதானே அந்தப் போட்டோவை வெட்டினது? அம்மா சொல்லித்தான் வெட்டியிருப்பீங்க, தெரியும். "இடுப்புக்குக் கீழ எடுத்துடுங்க மாப்பிள்ளை, சொந்தக்காரங்க பார்த்தா சிரிப்பாங்க." அம்மா, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு, எம்பையன்னு ஆசையா காட்டியிருக்க. கார் நல்லா இருக்கேன்னு வார்டன் சொன்னதுக்கு நீ சிரிச்சியாம், பாப்பா சொன்னா. சிரிச்சது ஒரு குத்தமா?

கோபமெல்லாம் அந்த ஸ்கூல்காரங்க மேலதான். இருங்க, ஒருத்தர் ஹாரன் அடிக்கிறார்...

வந்துட்டேன். ஒரு வார்த்தை கேட்டாங்களா, இது யார் கார்னு? உதவி கேக்குற வீட்டுல எல்லாரும் கிழிஞ்ச சட்டையோடதான் போட்டோக்கு நிக்கணுமா? அந்தச் சட்டை கூட கம்பெனி யூனிஃபார்ம்! பாப்பா மார்க்கை விட்டுட்டு என் சட்டையைப் பார்த்திருக்காங்க. அவ இப்ப ரூம்ல கூட இருக்கற பொண்ணு குளிக்கப் போற நேரத்துல, அவ லேப்டாப்ல ப்ராஜெக்ட் பண்றா. அந்தப் பொண்ணு நல்லா ஊறிக் குளிக்கணும்னு வேண்டிக்கிறாளாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, எனக்குத்தான் சிரிப்பு வரல.

சூப்பர்வைசர்கிட்ட, நான் கார் கழுவுறவன்னு ஒரு லெட்டர் கேட்டேன். "உன்னைப் பார்த்தாலே தெரியுதேடா, லெட்டர் எதுக்கு?"ன்னு போயிட்டார். இவருக்குப் பார்த்தாலே தெரியுது. அங்க இருக்கறவங்களுக்குப் பார்த்தா முதலாளியா தெரியறேன்.

வார்டன் கடைசியா இறங்கி வந்தாங்க. திங்கக்கிழமை திரும்ப உட்கார்ந்து பேசறாங்களாம், அதோட பட்டியலை மூடிடுவாங்களாம். ஃபோன்ல அனுப்பினா செல்லாது, வீட்டாள் யாராவது முழு போட்டோவோட நேர்ல வரணுமாம்.

அம்மா, நீ நேத்து சொன்னதை நானும் யோசிச்சேன். வாளியோட காட்டினா பாப்பாவை எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு பயப்படற. கம்மலை அடகு வச்சு வாங்கித் தர்றேங்கற. கம்மல் உன் காதுலயே இருக்கட்டும். நான் பாப்பாகிட்டயே கேட்டுட்டேன். "லேப்டாப் மட்டும் வரட்டும்ணா, அதைத் தொறந்து வச்சுட்டா எவ கேலி பண்றதும் எனக்குக் காதுலயே விழாது"ன்னா.

எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்காது. அக்காவோ மாமாவோ, யார் இதை மொதல்ல பார்க்கறீங்களோ, நம்ம குடும்ப குரூப்ல மேல போய்த் தேடுங்க. நீல வாளி, முட்டி வரைக்கும் சுருட்டின பேண்ட், அதுதான் முழு போட்டோ. அதைப் பெருசா பிரிண்ட் போட்டு, திங்கக்கிழமை ஆபீஸ் தொறக்கும்போதே வார்டன் மேஜைல கொண்டு போய் வைங்க. தயவு செஞ்சு இந்தத் தடவை எதையும் வெட்டாதீங்க.