கொஞ்சம் உட்காரு, வண்டி வந்திருக்கு

ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் வீடுகள் எழுந்து நின்றுவிடும். ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகள் என்பதால் மழைத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரும். வீடுகள் அதற்கு வழிவிட்டு நிற்கும். தை பிறந்து தரை காய்ந்ததும் உட்கார்ந்துவிடும். மனை விற்றவர்கள் இதை முதலிலேயே சொல்லித்தான் விற்றார்கள்.

வீடு நிற்கும்போது தெருவிலிருந்து கார் ஷெட்டுக்கு ஏறும் சரிவு செங்குத்தாகிவிடும். பக்கத்து வீட்டு எத்திராஜுக்கு அது பெரிய சிரமம் இல்லை. அவர் வைத்திருந்தது ஸ்கூட்டர். எங்களுடையது தரையை ஒட்டிப் போகும் கார். என் மனைவி மரகதம் பார்த்துப் பிடித்து வாங்கியது. அவள் குள்ளம். உயரமான வண்டிகளில் கால் தொங்குகிறது, பள்ளிக்கூடப் பிள்ளையை ஏற்றிப்போவதுபோல் இருக்கிறது என்பாள். தவழ்ந்து போகிற வண்டிக்குச் சக்கரம் எதற்கு என்று எத்திராஜ் கேட்பார். அவருடைய ஸ்கூட்டருக்கு ஹாரன் எதற்கு, அவர் இருக்கும்போது என்று மரகதம் திருப்பிக் கேட்பாள்.

வண்டியை ஷெட்டில் ஏற்றுவதில் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. தெருவில் நிறுத்தியதும் மரகதம் இறங்கிப் போய், மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரைத் தட்டுவாள்.

"கொஞ்சம் உட்காரு, வண்டி வந்திருக்கு."

வீடு முழங்காலை மடக்கி இறங்கும். சரிவு படுத்துக்கொள்ளும். வண்டி உள்ளே போனதும் மறுபடி எழுந்துகொள்ளும். அடுப்பில் பால் இருந்தால்கூடச் சிந்தாது. வெளியே கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தைத் தொட்டு, போயிட்டு வரேன் என்பாள். நான் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருப்பேன்.

போன கார்த்திகையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றும் மூச்சு வாங்கிக்கொண்டே சுவரைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அங்கேயே இறந்துபோனாள். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீடு முழு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. அவளை வீட்டுக்குக் கொண்டுவர வழி இல்லை. அரக்கோணத்தில் அவள் தங்கை குமுதவல்லியின் வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லாக் காரியங்களையும் அங்கேயே முடித்தோம்.

தை பிறந்தது. தெருவில் மற்ற வீடுகள் உட்கார்ந்தன. எங்கள் வீடு உட்காரவில்லை.

நானும் அதே இடத்தில் தட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன். வீட்டுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எத்திராஜ் தன் மாடியில் கிடந்த சென்ட்ரிங் பலகைகளைக் கொண்டுவந்து சரிவின் அடியில் போட்டார். நேராக ஏறினால் முன் பம்பர் இடித்தது. குறுக்கே ஒடித்து ஏறினால் பாதி வழியில் வயிறு தட்டி, வண்டி ஆமையைப்போல் நின்றது. எத்திராஜ் தெருவில் நின்று, லெஃப்ட்ல ஒடிங்க, வரட்டும், வரட்டும் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பம்பர் கழன்று விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினார்.

கோடை முழுக்க வண்டி தெருவிலேயே கிடந்தது. அதன்மேல் புங்கம்பூ உதிர்ந்தது. நான் ஏணி வைத்து வீட்டுக்குள் ஏறி இறங்கினேன்.

புரட்டாசிக் கடைசியில் வானம் கறுத்தது. தெருவுக்குத் தண்ணீர் வந்தால் முதலில் முழுகுவது எங்கள் வண்டிதான். இன்ஜின் போனால் வேறு வாங்கிப் போடலாம். மரகதம் உட்காரும் முன் இருக்கைதான் எனக்குக் கவலை. அவள் காலுக்கு ஏற்றபடி அதை முன்னால் தள்ளி வைத்திருந்தோம். நனைந்தால் கழற்றிக் காயவைக்க வேண்டும். திரும்ப மாட்டுகிற மெக்கானிக்குக்கு அந்த இடம் தெரியாது.

எல்லாரையும்போல மேம்பாலத்தின்மேல் விட்டுவிட்டு வரச் சொன்னார் எத்திராஜ். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. மேம்பாலத்தில் விட்ட வண்டிகள் ஒன்றோடொன்று பழகிவிடும். அவருடைய மைத்துனர் விட்ட வேன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கூப்பிட்டால் ஹாரன் மட்டும் அடிக்கிறதாம்.

மறுநாள் காலை படுக்கையறை ஜன்னலைத் திறந்தேன். முன்பெல்லாம் அதில் எத்திராஜ் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். இப்போது அதையும் தாண்டி, ரயில்வே கேட்டையும் தாண்டி, ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை தெரிந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். வீடு நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தது.

எத்திராஜின் மனைவி ஜெகதா வாசலில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா தவறினதை வீட்டுக்குச் சொன்னீங்களாண்ணே?"

பால்காரருக்குச் சொல்லியிருந்தேன். கேஸ் ஏஜென்சிக்கும் வங்கிக்கும் சொல்லியிருந்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை.

மீட்டர் பெட்டிக்குக் கீழே போய் நின்றேன். தட்டவில்லை. அவள் வழக்கமாகத் தொடும் இடத்தில் கையை வைத்தேன்.

"மரகதம் வரமாட்டா. கார்த்திகையிலேயே போயிட்டா. வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தா. வரணும்னுதான் இருந்தா."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. நான் மோட்டார் போட்டிருக்கவில்லை. வழிந்து முடியும்வரை காத்திருந்தேன்.

அப்புறம் வீடு இறங்கியது. ரொம்ப நேரம் நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுபோல, காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சரிவு பாய்போல் தரையில் படிந்தது. வண்டியைக் கிளப்பினேன். எங்கும் தட்டாமல் ஷெட்டுக்குள் போயிற்று. முன் இருக்கை இம்மி நகரவில்லை.

மறுநாள் பொழுது விடியும்போதே தெருவில் உள்ள வீடுகள் துக்கம் கேட்க வந்துவிட்டன. எங்கள் வீட்டைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தன. எத்திராஜ் பல் துலக்கிக்கொண்டே தன் ஜன்னலிலிருந்து, தன் வீட்டுக்கு இப்போதுதான் விஷயம் தெரிந்ததாம், கேட்டதும் கிளம்பிவிட்டது என்றார். ஜெகதா அடுத்த ஜன்னல் வழியாக எனக்குக் காபி நீட்டினாள்.

தூறல் போட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து போயின. எந்த வீடும் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அப்படித்தான் போக வேண்டும்.

எல்லாம் போன பிறகு அரக்கோணத்திலிருந்து குமுதவல்லியின் வீடு வந்து சேர்ந்தது. தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்திருக்கிறது, ஓரமெல்லாம் ஜல்லி ஒட்டியிருந்தது. சொந்தம் என்பதால் உடனே திரும்ப முடியாது, மழைக்காலம் முடியும்வரை தங்கும் என்று குமுதவல்லி சமையலறை ஜன்னலிலிருந்து சொன்னாள். தெருவில் விட்டால் நனையும். ஷெட்டில் எங்கள் வண்டி தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கி இடம் விட்டது. எங்கள் வீடும் இன்னும் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது.

எத்திராஜ் குடையோடு தெருவில் இறங்கி நின்று கையை ஆட்டத் தொடங்கினார்.

"லெஃப்ட்ல ஒடிங்க. வரட்டும். வரட்டும்."

"மாமா, மொட்டை மாடி இடிக்குதா?" என்று குமுதவல்லி கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். நாலு விரல் இடம் இருந்தது.

"இடிக்கல, வாம்மா" என்றேன்.