கதவைக் கழற்றிய வீடு

"நாளைக்குக் காலையில வீட்டைப் பார்க்க ஆள் வர்றாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாளே, அங்கேதான் வினை பிடித்தது. எதற்காக வருகிறார்கள் என்று இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது. சொல்லவில்லை. வாய் வரவில்லை. "நாம நிஜமாவே இல்லாதப்பட்டவங்கதானான்னு சரிபார்க்க வர்றாங்க" என்று பெற்ற தாயிடம் எந்த மகளுக்கு நாக்கு எழும்பும்?

மகளுக்கு அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் 'டேப்பு' என்று பெயர். கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அளக்கிற டேப் இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. மாடிப்படி, தாழ்வாரம், பொதுக் குளியலறை, அடுத்த வீட்டுக் கட்டில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டு திரிவாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் அது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. "கொத்தனார் வேலைக்கு எதுக்குக்கா அஞ்சு வருஷம் காலேஜு?" என்று எதிர்வீட்டுச் சித்தி ஒருநாள் கேட்டாள். "கொத்தனார் இல்லடி, கொத்தனாருக்கே வழி சொல்றவ" என்று அம்மா ஒரு போடு போட்டாள். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாதுதான். ஆனாலும் மகளை விட்டுக்கொடுத்துப் பேசுகிற பழக்கம் அவளிடம் கிடையாது.

முதல் வருடத்தை எப்படியோ தள்ளிவிட்டார்கள். அப்பா ரொட்டி அடுப்பில் இரவு வேலை பார்ப்பவர். அந்த முதலாளியிடம் வாங்கிய முன்பணத்திலேயே முதல் வருடம் ஓடிவிட்டது. இரண்டாம் வருடத்துக்கு வழி இல்லை. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. கிடைத்தால் படிப்பு முடியும்வரை கவலையில்லை. கிடைக்காவிட்டால் இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்திவிட வேண்டியதுதான். டேப்பு அதற்கு எழுதிப் போட்டாள். மதிப்பெண்ணில் தேறினாள். "உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை அளந்து வரைந்து அனுப்பு" என்றார்கள். மற்ற பிள்ளைகள் மண்டபம், மாளிகை என்று போனபோது இவள் தன் வீட்டை வரைந்தாள்.

வீடு என்றால் மூன்றாம் மாடியில் ஓர் அறை, அறையின் மூலையில் ஓர் அடுப்பு மேடை, அவ்வளவுதான். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். இது எலி வளையேதான், ஆனால் வேளைக்கு ஒரு வளையாக மாறும். அதே தரையை மூன்று தாள்களில் மூன்று முறை வரைந்திருந்தாள். காலைத் தாளில் அப்பா வேலை முடிந்து வந்து ஜன்னலடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார். மாலைத் தாளில் அதே இடத்தில் அம்மா காய் நறுக்குவாள். இரவுத் தாளில் அங்கேயே தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மகள் வரைவாள். தூங்குகிற அப்பாவின் காலை மிதிக்காமல் வாசலிலிருந்து அடுப்புக்குப் போகிற வழியைக்கூடப் புள்ளி புள்ளியாகக் குறித்திருந்தாள். அந்தப் படம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. இனி வீட்டை ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

ஆள் வருவதற்கு முந்தின நாள் பார்த்துக் கல்லூரியில் மாதிரிக் கட்டடம் ஒன்றை ஒட்டி முடிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் அம்மாவுக்குப் போன் போட்டாள். இரவு அங்கேயே தங்கிவிட்டு, விரலெல்லாம் பசையோடு காலையில் வீடு திரும்பினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கையில் கோப்போடு ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"ரொட்டிக் கடையில வேலை பார்க்கிறவர் வீடு இதுல எதும்மா?"

"எங்க வீடுதான் மேடம். வாங்க" என்று டேப்பு முன்னால் ஏறினாள். அவளுக்குப் பயமே இல்லை. மறைக்க என்ன இருக்கிறது அந்த வீட்டில்? மேலே போய்ப் பார்த்தால் வாசலில் கதவைக் காணோம்.

கதவு தாழ்வாரச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே அப்பா படுக்கிற ஜன்னலடியில் செக்கச்செவேல் என்று ஒரு சோபா. பக்கத்தில் ஒரு ஃபிரிட்ஜ். தகரப்பெட்டியின் மேல் துணி விரித்து ஒரு டிவி. சோபாவின் நுனியில் அப்பா, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, காதோரம் மாவு கூடப் போகாமல், அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் மடித்தே கிடக்கும் நல்ல உடுப்பை அணிந்து அம்மா வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள்.



"வாங்க மேடம், உட்காருங்க" என்றாள் அம்மா. "இவ சொன்னா, வீடு பார்க்க வர்றாங்கன்னு. ஏதோ எங்களால முடிஞ்சது."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய இடத்திலிருந்து மகளின் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால், இந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த பணம் வீண்போகாது என்று தோன்ற வேண்டாமா? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். கடன் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். உதவி கொடுக்கிறவர்கள் தலைகீழாகப் பார்ப்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது?

மேடம் உட்கார்ந்தார். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "ஜில்லுனு இருக்கும்." மேடம் ஒரு வாய் குடித்தார். அது வெதுவெது என்று இருந்தது. அந்த அறையில் இருந்த ஒரே பிளக்கில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜின் வால் சுருண்டு தரையில் கிடந்தது. மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

பிறகு கோப்பைத் திறந்து, "சோபா. ஃபிரிட்ஜ். டிவி" என்று முணுமுணுத்தபடி குறிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு குறிக்கும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நல்ல மதிப்பெண் விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள் போல.

மேடம் அந்த மூன்று தாள்களையும் வெளியே எடுத்தார். படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதுல இதெல்லாம் ஒண்ணும் இல்லையேம்மா. இது யாரு வீட்டை வரைஞ்சது?"

கதவில்லாத வாசல் என்றால் கூட்டம் சேரக் கேட்க வேண்டுமா? தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் எதிர்வீட்டுச் சித்தி. இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படிப்பு பிழைக்கும். டேப்பு வாயைத் திறந்தாள். அப்போது அம்மாவின் கை கண்ணில் பட்டது.

அந்தக் கை சோபாவின் மேல் இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் ஊரார் படுக்கை விரிப்பைத் துவைத்து மடித்து வெளுத்துப்போன கை. ஒரு கரண்டி சர்க்கரைக்குக்கூட அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்காதவள் அம்மா. இல்லாவிட்டால் இல்லாமலே இருந்துகொள்வாள். அப்படிப்பட்டவள் நேற்று வீடு வீடாக ஏறி இறங்கி, பல்லைக் காட்டி, இதையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்த ஆட்களின் முன்னாலேயே அவளைப் பொய்க்காரியாக்குவதா?

"வரைஞ்சப்ப இல்ல மேடம். அப்புறம் வாங்கினோம். எங்களோடதுதான்."

வாசலில் சித்தி 'ம்க்கும்' என்று கனைத்தாள்.

மேடம் பேனாவை மூடினார். "அப்ப நான் அப்படித்தான் எழுதியாகணும். வசதி இருக்கிற வீட்டுக்கு இந்த உதவி கிடையாது. தெரியும்ல உனக்கு?"

"தெரியும் மேடம்."

"என்னங்க கிடையாது?" என்றாள் அம்மா.

மேடம் எழுந்து நின்று பொறுமையாகச் சொன்னார். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தப் பணம் என்றும், அதைப் பார்க்கத்தான் தான் வந்ததாகவும் சொன்னார். கேட்கக் கேட்க அம்மாவின் சிரிப்பு வற்றியது. மேடத்தைப் பார்த்தாள். வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். கடைசியில் மகளைப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது.

"இதெதுவும் எங்களோடது இல்லைங்க" என்றாள்.

"அம்மா, விடு."

"நீ சும்மா இரு. சோபா இதோ நிக்கிறாளே, இவளோடது. டிவி அந்தக் கடைசி வீட்டோடது. இந்த ஃபிரிட்ஜு மேல்வீட்டோடது, இங்க ஓடவே இல்ல, நீங்க குடிச்சது குழாய்த் தண்ணி. நான்தான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இந்த உடுப்பு என்னோடது. அந்த அடுப்பு, பாய், தகரப்பெட்டி எங்களோடது. அப்புறம் இவரு, இவ. வேற ஒண்ணுமில்லங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் விரிப்புகளை எண்ணி ஒப்படைப்பது போலத்தான் சொன்னாள்.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க பொண்ணு ஒண்ணு சொல்றா, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் எதைம்மா நம்பறது?"

"என் சோபாதாங்க" என்றாள் சித்தி முன்னால் வந்து. "வாசல்ல நுழையல. இடுப்புல மாட்டிக்கிச்சு. நாலு பேர் சேர்ந்து கதவையே கழட்டினோம். இந்தப் பொண்ணு ஊர்ல இருக்கிறதெல்லாம் அளந்தா, தன் வீட்டு வாசலையும் என் சோபாவையும் அளந்து சொல்ல நேத்து ஆள் இல்லாம போயிட்டா."

யாரோ பின்னால் சிரித்தார்கள். மேடத்துக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"சரி. எல்லாத்தையும் வெளிய எடுங்க. இருக்கிறபடி ஒரு தடவை பார்த்துடறேன்."

அவ்வளவுதான். வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் எல்லாம் வெளியே போயின. டிவி போனது, ஃபிரிட்ஜ் போனது. அப்பாவை எழுப்பி நிறுத்திவிட்டு, 'பிடி, சாய், கையைப் பார்த்து' என்று சோபாவையும் தூக்கிப் போனார்கள். பாவம் அந்த மனுஷர், இரவு முழுக்க அடுப்பு முன்னால் நின்றவர். யார் வந்திருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று எதுவும் அவர் தலையில் ஏறவில்லை. ஜன்னலடி காலியானதுதான் தெரிந்தது. மூலையில் சுருட்டியிருந்த பாயை எடுத்து விரித்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையைக் கண்ணுக்கு மேல் மடித்துப் போட்டு, மேடத்தின் காலடியிலேயே படுத்துத் தூங்கிப்போனார்.

"ஐயோ, என்னங்க இது" என்று அம்மா பதறினாள்.

மேடம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். காலைத் தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். அதே ஜன்னலடி, அதே பாய், அதே மடித்த கை. தாளில் கால் எங்கே முடிந்ததோ தரையிலும் அங்கேயே முடிந்தது.

"அடுப்புப் பக்கம் போய்ப் பார்க்கணுமே. எப்படிம்மா போறது?"

"சுவரோரமா வாங்க மேடம். வழி இருக்கு" என்றாள் டேப்பு.

மேடம் செருப்பைக் கழற்றினார். தாளில் இருந்த புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துச் சுவரோரமாக நடந்தார், அப்பாவின் கால் படாமல் அடுப்புவரை போய்த் திரும்பி வந்தார். பிறகு கோப்பை முழங்கையில் தாங்கிக்கொண்டு, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வேறு எழுதினார். போகும்போது அம்மாவிடம், "பொண்ணு நல்லா வரைஞ்சிருக்கா" என்றார். மெல்லத்தான் சொன்னார், தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே.

கிடைத்ததா இல்லையா என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அது அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு இருந்த வேலை, கதவைத் திரும்ப மாட்டுவது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். டேப்பு கீழே உட்கார்ந்து கீலுக்குத் திருகாணி முடுக்கினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

"ஏன்டி எங்களோடதுன்னு சொன்ன? படிப்பு போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"நீ அவ்வளவு சந்தோஷமா நின்னுட்டிருந்தம்மா."

அம்மா கதவை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். "எதுக்கு வர்றாங்கன்னு போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? நம்மகிட்ட ஒண்ணும் இல்லைன்னு பார்க்க வர்றாங்கன்னு உங்கிட்ட..."

"பைத்தியம். இல்லைங்கறது உனக்குத் தெரியக் கூடாதுன்னு உன்ன வளர்த்ததே நான்தானடி. எனக்கே தெரியாதுன்னு நெனச்சியா?"

டேப்புக்குக் கண் மறைத்தது, திருகாணி கைதவறித் தரையில் விழுந்து உருண்டது. விசும்பல் ஒன்று அவளை மீறி வெளியே வந்தது. அம்மா ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறு கையை மகளின் தலையில் வைத்து அழுத்தினாள்.

"ஷ்... மெதுவா அழு. அப்பா தூங்கறாரு."