அத்தா எழுதிய டிக்ளைன்

செங்கல்பட்டுக் கண் டாக்டர், "பார்வை கொஞ்சம் டிக்ளைன் ஆயிருக்கு" என்றதும் உவைஸ் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் மனைவி ஹனியா கேட்டாள்: "இன்னாங்க சிரிப்பு?"

"உன்னப் பொண்ணு கேட்டதுக்கு உங்க அத்தா இங்கிலீஷ்ல எழுதினாரே, 'வீ டிக்ளைன்'னு. டிக்ஷனரில 'இறங்குதல்'னு போட்டிருந்துது. மனுஷன் இறங்கி வந்துட்டாருன்னு நெனச்சு, ஸ்வீட் வாங்கிக்கினு நேரா உங்க வூட்டுக்கு வந்துட்டேன்."

முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த மாமல்லபுரத்து மதியம் ஹனியாவுக்கு நினைவு வந்தது. ஆங்கில வாத்தியாரான அத்தா, இனிப்போடு வந்து நின்றவரைத் துரத்த மனமில்லாமல் உட்காரவைத்துச் சோறு போடச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு 'மறுத்தல்' என்றும் பொருளுண்டு என்று நிக்காஹ் முடிந்த பிறகுதான் மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"சட்டைப் பட்டன மாத்திப் போட்டுக்கினு வந்தீங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு அவ்ளோ சிரிச்சேன்," என்றாள் ஹனியா.