எஸ்தர்ராணியின் ஐந்தாம் கியர்

எபநேசரின் டீசல் பிக்கப் வண்டிக்கு ஐந்தாம் கியர் வந்த நாளிலிருந்து, ஓடுகிற அலுப்பு வண்டிக்கும் இல்லை, ஓட்டுகிற எபநேசருக்கும் இல்லை. அது, கோவில்பட்டியில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கம்பெனிக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி எஸ்தர்ராணிக்குப் போய்ச் சேர்ந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் அது. அந்த வாரம் சம்பா மிளகாய் வத்தல் வரத்து கூடி, விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

வண்டிக்கு அப்போதே பதினேழு வயது. இருந்ததே நாலு கியர்தான். நாற்பதைத் தாண்டி மிதித்தால் இன்ஜின் போடுகிற கூப்பாட்டில் பருத்திக்காட்டில் களையெடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வத்தல் வியாபாரி கிருஷ்ணராஜுக்கு அந்தக் கூப்பாடு பற்றிக் கவலையில்லை. விருதுநகர் ஏலத்துக்குத் தன் மூடை கடைசியாகப் போய் இறங்குகிறதே என்பதுதான் கவலை. முந்தி வந்த வத்தலைச் சிவப்பு என்பார்கள். அதே வத்தல் பிந்தி வந்தால் பழுப்பு என்பார்கள். இன்னும் பத்து நாள் பார்ப்பேன், அப்புறம் லோடு வேறு வண்டிக்கு என்று சொல்லிவிட்டார். எபநேசர் தூத்துக்குடி பழைய இரும்புக் கடையில் நாலு நாள் குனிந்து தேடி, எந்தத் தேசத்து வேனிலிருந்தோ கழற்றிய ஐந்து கியர்ப் பெட்டி ஒன்றைப் பேரம் பேசிக் கொண்டுவந்தார். எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த வன்னியபெருமாள் அதை ஆறு நாளில் மாட்டினார். பெட்டி நாலு விரற்கடை நீளம் கூடுதல். சாஃப்டை லேத்தில் கொடுத்துக் குறைத்தார்கள். பெட்டியைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கியர் கம்பிக்காகத் தரைத் தகட்டில் புதிதாக ஓட்டை வெட்டினார்கள். ஐந்தாவது விழுந்தால் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பின்சாஃப்ட் ஒன்றேகால் சுற்றுச் சுற்றும் என்றார் வன்னியபெருமாள். சும்மா வருகிற அந்தக் கால் சுற்றை எவன் தருகிறான் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கொசுறு வாங்கியே வளர்ந்த ஊர்; வாய் திறக்கவில்லை.

பெட்டியின் பின்வாயில் ஆயில் ஒழுகாமல் இருக்க வைக்கிற சீல் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. நூல் துணியைத் திரித்து, கிரீஸில் ஊறப்போட்டுக் கயிறாகச் சுற்றிவிடலாம் என்றார் வன்னியபெருமாள். எபநேசர் வீட்டுக்குப் போய்க் கொடியில் காய்ந்த சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்துவந்தார். சேலைக்காரியைக் கேட்கவில்லை. கட்டின மனைவியின் துணியைக் கேட்டு எடுக்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது.

மறுநாள் வண்டி ஐம்பத்தைந்தில் சத்தமே இல்லாமல் போனது. கிருஷ்ணராஜின் மூடை முதலாவதாக இறங்கியது. எபநேசர் அப்போதுதான் குளித்த முகத்தோடு திரும்பிவந்தார். எஸ்தர்ராணி அடுக்கிய கட்டைமேல் தலை சாய்த்துக் கிடந்தார். உள்ளங்காலில் தார் ஒட்டியிருந்தது. அன்று முழுக்க அவர் வாசல்படி தாண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் பாடம் தெளிவாகிவிட்டது. வண்டி மேடு ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்; சாத்தூர் பாலத்தில் குலுங்கினால் இடுப்பு பிடிக்கும்; வண்டி நின்றால் அவரும் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். கடம்பூரில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே அலுப்பு அரை மணி பிந்தி வந்தது, அவ்வளவுதான். பங்குனிக்குள் அவர் நாள் ஒன்றுக்கு அடுக்குகிற கட்டை பாதியானது, உடம்பும் பாதியானது. கிருஷ்ணராஜுக்கு இது வேறு விதமாக உதவியது. காலையில் வாசலில் வந்து நின்று, "என்னம்மா, சரக்கு எங்கன போகுது?" என்று கேட்பார். எஸ்தர்ராணி முழங்காலை நீவிக்கொண்டே, "சாத்தூர் தாண்டியாச்சு மொதலாளி" என்பார். விருதுநகருக்கு டிரங்கால் போட்டு விசாரிக்கிற காசு மிச்சம்.

எபநேசர்தான் நம்பவில்லை. "ஏட்டி, நான் ஓட்டுதேன், நீ ஏன் முனங்குத?" என்று கேலி பேசினார். "நாளைக்கு ஒரு நாள் நாலாவதுலயே போய்ட்டு வாங்க. அப்புறம் பேசுங்க" என்றார் எஸ்தர்ராணி. போனார். அன்று வண்டி பிந்தியது, வத்தல் பழுப்பானது, எபநேசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எஸ்தர்ராணி வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார். எபநேசர் புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சேலையைக் கிழித்துப் பெட்டியில் சுற்றின கதையைச் சொன்னார்.

மறுநாள் காலை பட்டறையில் பஞ்சாயத்து; கிருஷ்ணராஜும் வந்திருந்தார். எஸ்தர்ராணி ஒரே வார்த்தையில் முடித்தார். "ஒண்ணு அந்தத் துணி வெளிய வரணும். இல்லன்னா இந்த வருசத்துக்குள்ள என்னயத் தூக்கிப் போடணும்." எபநேசர் தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழிக்கப் போனார். வன்னியபெருமாள் தடுத்தார். "அலுப்பு பூராவும் டிரைவர் மேல ஏறுனா வண்டி பருத்திக்காட்டுல போய்ப் படுத்துக்கிடும் தம்பி. மூணு புரியாத் திரிப்போம். ஒண்ணு தங்கச்சிது, ஒண்ணு ஒம்மது." பிறகு கிருஷ்ணராஜின் தோளைப் பார்த்தார். "மொதலாளி துண்டுல ஒரு முழம்."

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? நான் வண்டியில ஏறுனதே கெடையாதே."

"ஏறாமலேதான் நானும் இழுத்தேன்" என்றார் எஸ்தர்ராணி.

கிருஷ்ணராஜ் துண்டை விரித்து, மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாலு வெரக்கடை போதும். கரைய மட்டும் எடுத்துக்கிடுங்க."

"லோடு முழுசும் ஒங்களுது, அலுப்புல மட்டும் கரையா? சரி மொதலாளி, இனிமே நாலாவது கியர்லயே போகட்டும்" என்றார் எஸ்தர்ராணி.

கிருஷ்ணராஜ் அரை முழத்துக்கு ஏறினார். முக்கால் முழத்தில் நின்றார். கடைசியில், வத்தல் பழுப்பாகிவிடும் என்ற பயத்தில், ஒரு முழமே கொடுத்தார். பழைய கயிற்றை உருவியபோது கூடவே வழிந்த ஆயில் கறுப்பாக இல்லை, வெதுவெதுப்பாக, கண்ணீர் நிறத்தில் இருந்தது. வன்னியபெருமாள் அதை வழக்கம்போல் டப்பாவில் பிடித்து ஓரமாக வைத்தார்.

அதன்பின் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு அலுப்பு வந்தது. தாங்கக்கூடிய அளவுதான். மதியம் கிருஷ்ணராஜ் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கினால் வாடிக்கையாளர்கள் எழுப்புவதில்லை, லோடு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று காத்திருப்பார்கள். இரண்டு வருஷத்தில், அவசர லோடு கொண்டுவருகிற எவரிடமும் எபநேசர் முதலில் ஒரு முழம் துணி கேட்பது வழக்கமாயிற்று. துணி கொடுக்க யோசித்தவர்களின் சரக்கு அவ்வளவு அவசரமில்லை என்று தெரிந்துகொள்ளவும் அது உதவியது.

எண்பத்தேழு சித்திரையில் ஒரு காலை, கிருஷ்ணராஜின் வத்தலோடு போகிற வழியில், நள்ளிப் பக்கத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. எபநேசர் இன்ஜினை அணைத்தார். அதே நேரம் கோவில்பட்டியில் எஸ்தர்ராணி அடுக்கிய கட்டையைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கடையில் கிருஷ்ணராஜ் தராசைக் கீழே வைத்துவிட்டு மூடைமேல் உட்கார்ந்தார். சரக்கு ரயில் நீளமானது. அது போய் முடிகிற வரைக்கும் மூவரும் எழுந்திருக்கவில்லை.